அசைவற்றுப்போன தம்பிக்கு ‘ஷாக்’ வைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம். கோத்தகிரியில் எங்களோடு இருக்கிறான். ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. சோற்றை எடுத்த கை பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. கேட்டடோனியா (பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலை) என்று மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம்தான் தேறினான். இப்போது கோவையில் ஷாக் வைக்கச் சொல்கிறார்கள். தாங்குவானா? வாரம் மூன்று நாள் மலை இறங்கி ஏற முடியுமா?

பதில்: ஷாக் என்பது மயக்கத்தில் மின்சாரம் கொடுத்து வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவைக்கும் சிகிச்சை (ECT). அறிவுத்திறன் குறைபாடு இதற்குத் தடையே இல்லை. வலிப்பு நோய் இருந்தால்கூடத் தடை இல்லை. ‘இவர்கள் இப்படித்தான்’ என்று பேசாமையையும் வெறித்த பார்வையையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. தம்பி முன்பு பேசிய, சாப்பிட்ட வீடியோ ஏதாவது போனில் இருக்கும். இப்போதைய நிலையையும் எடுத்து இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். எந்தப் பரிசோதனைத் தாளைவிடவும் அது நன்றாகப் பேசும்.

முதலில் மாத்திரையின் அளவைக் கேளுங்கள். கேட்டடோனியாவுக்கு லோரசெபாம் தூக்கத்துக்குத் தரும் 1, 2 மில்லிகிராமோடு நிற்பதில்லை. நாளொன்றுக்கு 8 மில்லிகிராம், சிலருக்கு அதற்கு மேலும் படிப்படியாக ஏற்றுவார்கள். தம்பிக்குக் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் ஏற்றுவதில் கவனம் தேவை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இந்த நிலையை மோசமாக்கக்கூடும், ஆகவே பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காய்ச்சல், உடல் விறைப்பு, வியர்வை, படபடக்கும் நாடி சேர்ந்து வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றே அட்மிட் செய்யுங்கள். மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கிற கட்டம் அது இல்லை.

டவுன் சிண்ட்ரோமில் கவனிக்க வேண்டிய இடம் கழுத்து. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான தசைநார் தளர்ந்திருக்கலாம். மயக்கத்தில் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் தண்டுவடம் அழுத்தப்படும் ஆபத்து உண்டு. நடை தடுமாற்றம், கழுத்துச் சாய்வு, புதிதாகச் சிறுநீர் கசிவு இருந்ததா என்று மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லி, எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு சோதனைகளும் முடிந்திருக்க வேண்டும். தைராய்டு குறைவே மந்தத்தைக் கூட்டும். ஆடும் பல் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

சினிமாவில் காட்டுவது போல விழித்திருக்கும்போது கட்டி வைத்துக் கொடுப்பதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. கையில் ஊசி ஏற்றி, தூங்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, வாயில் பல் காப்பு வைப்பார்கள். மின்சாரம் சில விநாடிதான். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். உடம்பு பெரும்பாலும் அசையாது. ஊசிக்குப் பயப்படுவார் என்றால் ஒரு மணி நேரம் முன்பே கையில் மரத்துப்போகும் கிரீம் தடவச் சொல்லுங்கள். எழும்போது தெரிந்த முகமே பக்கத்தில் இருக்கட்டும். குழப்பத்தில் எழுந்து ஓடப் பார்க்கலாம். தலைவலி வரலாம். அண்மை நிகழ்வுகளில் மறதி சில வாரங்கள்கூட இருக்கலாம்.

லோரசெபாமும் வலிப்பு மாத்திரைகளும் வலிப்பு வருவதைத் தடுப்பவை. முந்தைய இரவு டோஸை விடுவதா, குறைப்பதா என்பதை மருத்துவமனைதான் முடிவு செய்யும். முதல் தடவை சரியாக வலிப்பு வராமல் போனால் இந்த மாத்திரைகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலைப் பயணத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் கோவையிலேயே அட்மிட் ஆகிவிடுங்கள். திட உணவை 6 மணி நேரமும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்த வேண்டும். வெறும் வயிற்றோடு அதிகாலைப் பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறங்குவதும், மயக்கம் தெளிந்த கையோடு அதே வளைவுகளில் ஏறுவதும் வாந்தியைக் கூப்பிடுவது போல. விழுங்கத் திணறுபவருக்கு அந்த வாந்தி நுரையீரலுக்குப் போய்விடலாம். வார்டில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம்; கால்களை அசைத்துவிடுங்கள், கெண்டைக்கால் வீங்கினால் உடனே சொல்லுங்கள்.

பொதுவாக 6 முதல் 12 தடவை. மூன்று நான்கிலேயே மாற்றம் தெரியத் தொடங்குவது வழக்கம். பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டால் மறுபடி உறைவது இவர்களிடம் அபூர்வமில்லை. அதனால் வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று என்று இடைவெளியை நீட்டுவார்கள். மலையிலிருந்து போய்வருவது அப்போது வைத்துக்கொள்ளலாம், அன்றிரவு கீழேயே தங்கிக்கொண்டு.

சம்மதம் பற்றி: தம்பியால் முடிவெடுக்க இயலாதபோது அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் முடிவெடுப்பவரின்) ஒப்புதலைச் சட்டப்படி பெறுவார்கள், யார் அது என்பதைக் குடும்பத்தில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.