நெஞ்சுவலிக்குத் தீயணைப்பு வண்டி வருவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டல் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது என் கணவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தது. 911-ஐ அழைத்ததும், ஆம்புலன்ஸுக்கு முன்பாக நான்கு வீரர்களுடன் பெரிய தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் இப்போது நலமாக இருக்கிறார். ஆனாலும் ஒரு நோயாளிக்கு இத்தனை பெரிய வண்டியும் நான்கு பேரும் எதற்கு? ஒரு காரில் இருவர் வந்தால் போதாதா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் கணவர் நலமடைந்தது அறிந்து மகிழ்ச்சி. தாங்கள் பார்த்த ஏற்பாடு வேரூன்றி வளர்ந்ததே அந்த ஊரில்தான். ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் லியோனார்ட் காப், அப்போதைய தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரி ஆகிய இருவரும் சேர்ந்து, தீயணைப்பு வீரர்களுக்கே இதய அவசர சிகிச்சையில் பயிற்சி அளித்து, 1970-இல் ‘மெடிக் ஒன்’ சேவையைத் தொடங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே அனுப்பிக் காட்டியிருந்தார்.

தீயணைப்புத் துறையைத் தேர்ந்ததற்குக் காரணம் தூரம்தான். இதயம் நின்றுபோனால், சிபிஆரும் (நெஞ்சை அழுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் முதலுதவி) மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. தீ பரவுமுன் சென்று சேர வேண்டும் என்பதற்காகத் தீயணைப்பு நிலையங்கள் ஏற்கெனவே நகரெங்கும் பரவலாக அமைந்திருக்கின்றன. முதலுதவிக் குழு 4 நிமிடப் பயணத்துக்குள்ளும், மேல்நிலைச் சிகிச்சை தரும் பாராமெடிக்குகள் 8 நிமிடத்துக்குள்ளும் சென்று சேர வேண்டும் என்பது அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கான தர அளவு.

இனி, நான்கு பேர் எதற்கு என்பதற்கு வருவோம். படுக்கையில் நினைவின்றிக் கிடப்பவரை முதலில் தரையில் இறக்க வேண்டும். மெத்தை மீது வைத்து நெஞ்சை அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துகிறார். இன்னொருவர் சட்டையைக் கத்தரித்து, ஈரத்தைத் துடைத்து, மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டைகளை ஒட்டுகிறார். மூன்றாமவர் முகமூடியைப் பொருத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்கிறார். நான்காமவர் நேரத்தைக் கணக்கிட்டபடி, கட்டிலை நகர்த்தி இடம் உண்டாக்கி, குடும்பத்தாரிடம் மருந்து விவரம் கேட்கிறார். எத்தனை வலுவுள்ளவரானாலும் இரண்டு நிமிடத்தில் அழுத்தம் தளர்ந்துவிடும் என்பதால் ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்க நிமிடங்களில் இருவரால் இவை அனைத்தையும் ஒழுங்காகச் செய்ய இயலாது. தங்கள் கணவரின் இதயம் நிற்கவில்லை என்பது வீட்டுக்குள் வந்து பார்த்த பிறகே அவர்களுக்கு உறுதியாகத் தெரியும். நெஞ்சுவலி எந்த நொடியிலும் அந்நிலைக்குப் போகக்கூடியது. பெரிய வண்டியிலேயே வருவதற்கும் காரணம் உண்டு. இங்கே வேலை முடிந்த மறுநிமிடம் தீ விபத்துச் செய்தி வந்தால், நிலையத்துக்குத் திரும்பாமல் அப்படியே அங்கே போகலாம்.

கேள்வி: சுளுக்கு, காய்ச்சல், வீட்டில் தடுக்கி விழுதல் போன்றவற்றுக்கும் நான்கு பேரை அனுப்புவது வீண் செலவு அல்லவா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஆம். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ அழைப்புகள். அவற்றில் உயிர் ஊசலாடும் அழைப்புகள் சிறு பகுதியே. எஞ்சியவற்றுக்குச் சிறு குழுவே போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சியாட்டலிலேயே இருவர் மட்டும் செல்லும் உதவி வண்டிகள் உண்டு. 2019-இல் தொடங்கிய ‘ஹெல்த் ஒன்’ குழுவில் இரண்டு தீயணைப்பு வீரர்களுடன் ஒரு சமூகநலப் பணியாளரும் செல்கிறார். மருத்துவமனை தேவைப்படாமல், தங்க இடமோ மனநல உதவியோ தேவைப்படுபவர்களை அவர்கள் உரிய இடத்தில் சேர்க்கிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் டுவாலட்டின் பள்ளத்தாக்குப் பகுதியில் பாராமெடிக் பயிற்சி பெற்ற ஒரே வீரரைக் காரில் அனுப்பிய முறையும் உண்டு.

ஆனால் அந்த இருவரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால், அவர்களை மீட்க ஆயத்தமாக இருவர் வெளியே நிற்க வேண்டும் என்பது, உடனடி உயிர்மீட்பு போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, அங்குள்ள தொழில் பாதுகாப்பு விதி. நான்கு பேர் கொண்ட வண்டியிலிருந்து இருவரைப் பிரித்துக் காரில் அனுப்பினால், அடுத்த தெருவில் வீடு எரியும்போது மிச்சமுள்ள இருவர் துணைக்குழு வரும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். ஆகவே சிறு குழு என்பது கூடுதல் ஆட்களைக் கொண்டு அமைக்கப்பட வேண்டும். இருக்கும் குழுவை உடைத்து அமைத்துவிட்டு அதைச் சிக்கனம் என்று கணக்குக் காட்டும் நகராட்சிகளின் போக்கு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுப்பவர் எரியும் வீட்டுக்குள் சிக்கியிருப்பவர்.

கேள்வி: யாரை அனுப்புவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: தொலைபேசியை எடுப்பவர். சிறு குழு முறை நன்றாக நடக்குமா என்பது அவரைப் பொறுத்தே இருக்கிறது. இடம் எது என்று கேட்டதும், நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, இயல்பாக மூச்சு விடுகிறாரா என்று கேட்பார். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் முழுக் குழுவும் பாராமெடிக்குகளும் புறப்படுவதோடு, நெஞ்சை அழுத்தும் முறையையும் தொலைபேசியிலேயே அவர் சொல்லித் தருவார். சியாட்டலை உள்ளடக்கிய கிங் கவுன்டியில் 1980-களிலிருந்து இவ்வழக்கம் உண்டு. இடைவிட்டு ஏங்கி இழுக்கும் மூச்சை ‘மூச்சு இருக்கிறது’ என்று சொல்லிவிடாதீர்கள்; அது இதயம் நின்றுபோனதன் அடையாளமாக இருக்கலாம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு ஆங்கிலம் தடுமாறினால், ‘தமிழ்’ என்று மொழியின் பெயரை மட்டும் சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு பல நகரங்களில் இருக்கிறது. அதற்குள் வேறொருவர் வாசல் விளக்கைப் போட்டு, கதவின் தாழை நீக்கி வைக்கட்டும்.