கோல சிலாங்கூரில் சேறுதான் அழகு

அன்புள்ள ஐயா,

கோல சிலாங்கூர் கடற்கரை அழகு என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பிள்ளைகளோடு அங்கே போனோம். மணலும் இல்லை, அலையும் இல்லை, எங்கே பார்த்தாலும் சேறு. சூரியன் மறைந்ததும் கொசுக்கடி தாங்காமல் கிளம்பிவிட்டோம். என் அம்மா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், அதனால் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அங்கே அப்படி என்னதான் அழகு?

ஒரு வாசகி, கிள்ளான்

அன்புள்ள சகோதரி,

அந்தச் சேறுதான் அழகு. மேற்கே சுமத்ரா மறித்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலை எழுவதில்லை. சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் வண்டல் கரையோரமே படிந்துவிடுகிறது. கடல் வற்றிய நேரத்தில் சூரியன் இறங்கினால், ஈரச் சேறு முழுக்க வானத்தின் நிறம் ஏறிவிடும். உலர்ந்த வெள்ளை மணலில் அதைப் பார்க்க முடியாது. கொக்கும் உள்ளானும் இரை தேடி வருவதும் இந்தச் சேற்றுக்குத்தான்.

அடுத்த முறை புக்கிட் மெலாவத்தி மேலே ஏறுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, மறு வருஷமே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் மீட்ட குன்று அது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. கீழே கண்டல் காடு, அதற்கப்பால் நீரிணை. பிள்ளைகளுக்கு அங்குள்ள சாம்பல் குரங்குகளைக் காட்டுங்கள். பெரியவை சாம்பல், கைக்குழந்தை மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம்!

அம்மாவையும் கூட்டிப் போங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற தோட்டத்து மக்களுக்கு மாலைதான் சொந்தப் பொழுது. அவர் சின்ன வயதில் பார்த்த சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு முன்பே மறைந்திருக்கும். 1982 பிறந்தபோது மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். இப்போது மறைய ஏழு, ஏழரை ஆகிறது.

அப்புறம், சூரியன் மறைந்ததும் கிளம்பாதீர்கள். நன்றாக இருட்டட்டும். கம்போங் குவாந்தானில் படகேறினால் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மின்னி அணைவதைப் பார்க்கலாம். அவற்றின் புழுக்கள் கரையோரச் செடிகளுக்கிடையே, ஈரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அதனால் பாமாயில் தரும் செம்பனை நடுவதற்காக ஆற்றங்கரையை வெட்டித் திருத்தும்போது, மின்மினி உட்காரும் மரமும் போகிறது, புழு வளரும் இடமும் போகிறது. செம்பனை நம் மக்களுக்குச் சோறு போட்ட பயிர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை ஒட்டிய அந்தக் குறுகிய பட்டையையாவது விட்டுவைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள். படகில் கேமரா பிளாஷ் வேண்டாம், கைப்பேசி வெளிச்சமும் வேண்டாம். அம்மா அங்கே என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.