இரவானால் சோறு வேகாத குக்கர்

கேள்வி: யாங்கூன், தாம்வேயில் வசிக்கிறோம். பகலில் அரை மணி நேரத்தில் வேகும் சோறு இரவு ஏழு மணிக்கு வைத்தால் ஒரு மணி நேரம் எடுக்கிறது. ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் 180 வோல்ட். வோல்ட்டை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா?

பதில்: முதலில் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். குக்கர் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் மோட்டாரோ குறைந்த மின்னழுத்தத்தில் (அதாவது வோல்ட்டில்) சுழலத் தொடங்க முடியாமல் நின்றபடியே வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறும், பாதுகாப்பு சுவிட்ச் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி முயலும். அந்த உறுமல் இதுதான். நாள்தோறும் நடந்தால் கம்ப்ரசர் எரிந்துபோகும்.

குக்கர் கணக்கு எளிது. 230 வோல்ட்டுக்குச் செய்த 700 வாட் குக்கரின் மின்தடை சுமார் 75 ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம்: 230 வோல்ட்டில் 3 ஆம்பியர், 180இல் 2.4. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாட். இரண்டுமே குறைந்துவிட்டதால் 700 வாட் ஏறக்குறைய 430 ஆகிவிடுகிறது. வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு போனால், சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்!

அந்த 50 வோல்ட் எங்கே தொலைகிறது? குக்கர் ஓடும்போது, வீட்டு மீட்டர் பெட்டியிலும் சமையலறையிலும் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் 180 என்றால் இழப்பு தெருக் கம்பியில். மாலையில் எல்லா வீடும் சேர்ந்து இழுப்பதால் வருவது. சமையலறையில் மட்டும் குறைவு என்றால் கவலைப்பட வேண்டும். நல்ல நிலையிலுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 20 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அரை ஓம் தடைகூட வராது. குக்கருக்கு ஒன்றரை வோல்ட்தான் இழக்கும். 50 வோல்ட் போகிறதென்றால் ஏதோ ஒரு தளர்ந்த இணைப்பில் 120 வாட் சூடாகக் கொட்டுகிறது. தீப்பிடிக்க அது போதும்.

தெருக் கம்பிதான் காரணம் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குக்கருக்கு 700 வாட் கொடுக்க, தெருவிலிருந்து 2.4க்குப் பதில் 3.9 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு வீடும் ஒன்று வைத்தால் தெருவின் அழுத்தம் இன்னும் சரியும். அக்கம்பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கையால் திருகும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. 180ஐ 230 ஆக்கும்படி வைத்துவிட்டுத் தூங்கினால், நள்ளிரவில் தெருவில் 220 வந்ததும் வீட்டுக்குள் 281 வோல்ட் பாயும். தானாகச் சரிசெய்வதும், அழுத்தம் மிகுந்தால் துண்டிப்பதும், மின்சாரம் திரும்பியபின் சில நிமிடம் தாமதித்துக் கொடுப்பதுமான வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஃபிரிட்ஜை மட்டும் மாட்டுங்கள். சோற்றை மாலை ஐந்து மணிக்கே வைத்துவிடலாம்.