காவா கேள்வி-பதில்: தேங்கா சிரட்டையில இருந்து லேப் ஃப்ரீசர் வரைக்கும்

காவா பத்தி கேள்விகள் நிறைய சேர்ந்துடுச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா கட்டிட்டேன்.

கேள்வி: காவான்னா காபி மாதிரியா, கஞ்சா மாதிரியா?

ரெண்டும் இல்லங்க. நம்ம மிளகு, திப்பிலி, வெத்தலை எல்லாம் பைப்பர் குடும்பம்தானே, அதுங்களுக்கு பங்காளி இந்த பைப்பர் மெதிஸ்டிக்கம். வனுவாட்டு, ஃபிஜி, டோங்கா, சமோவான்னு பசிபிக் தீவுகள் பக்கம் இதோட வேரை இடிச்சு தண்ணில பிசைஞ்சு வடிகட்டி சிரட்டையில குடிப்பாங்க. நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், ஆனா சாராயம் மாதிரி புத்தி தடுமாறாது. இது விதையே வைக்காத செடி, தண்டை வெட்டி நட்டு நட்டுதான் தீவு தீவா கொண்டு போயிருக்காங்க, அதனால ஒவ்வொரு ரகமும் ஒரு குளோன். சாம்பிள் எடுக்குறவங்க முதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: ஃபிஜியில நம்மாளுங்களும் குடிப்பாங்களாமே?

ஆமா, 1903ல இருந்து மெட்ராஸ்ல கப்பல் ஏறி கூலிக்கு போனவங்களோட பேரப்பிள்ளைங்களும் தானோவான்ற மரத்தொட்டிய சுத்தி உக்காந்து குடிப்பாங்க. அங்க அதுக்கு பேரு கிராக் (grog).

கேள்வி: ஆராய்ச்சிக்கு பச்சை வேர் நல்லதா, கடையில விக்கிற பொடி போதுமா?

பொடிய வாங்கிட்டு வந்து "காவாவை ஆராய்ஞ்சோம்"னு பேப்பர் எழுதுறவங்களைப் பாத்தா எனக்கு கோவம்தான் வரும். எந்த ரகம், எத்தனை வயசு செடி, பக்கவேரா (ஃபிஜியில வாகான்னு சொல்வாங்க) இல்ல அடிக்கிழங்கா (அது லெவெனா), தோல் சீவினதா சீவாததா, எதுவுமே பொடில தெரியாது. பக்கவேர்ல காவாலாக்டோன் (உடம்பை தளர வைக்கிற சரக்கு இதுதான்) கிழங்கை விட அதிகம், அதனால ரெண்டையும் கலந்துட்டா உங்க நம்பருக்கு அர்த்தமே இல்ல. செடிய பிடுங்குற அன்னைக்கே ஒரு கிளைய அழுத்தி காயவச்சு தாள்ல ஒட்டி, எந்த செடின்னு அடையாளத்துக்கு ஹெர்பேரியம் ஷீட் போட்டுடுங்க. வேரை நல்லா கழுவி, நறுக்கி, உடனே உறைய வச்சு ஃப்ரீஸ் ட்ரை (உறைஞ்ச நிலையிலேயே ஈரத்தை இழுக்குறது) பண்றதுதான் பெஸ்ட். அந்த வசதி இல்லன்னா குறைஞ்ச சூட்டுல ஈரப்பதம் 10-12 சதவீதத்துக்கு கீழ வர்ற வரைக்கும் காயவச்சு காத்து புகாம மூடி இருட்டுல வைக்கணும். ஒரு தடவை நான் அரைகுறையா காஞ்ச வேரை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிட்டு லீவுக்கு போயிட்டேன், திரும்பி வந்து பிரிச்சா பூஞ்சை பச்சையா சிரிச்சுது, மொத்தமும் குப்பைக்கு போச்சு.

கேள்வி: பிசைஞ்சு வடிச்ச பானத்தையே ஃப்ரிட்ஜ்ல வச்சு அப்பப்ப எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?

ஃப்ரிட்ஜ் வேணாம், சீக்கிரம் புளிச்சு கெட்டுடும். இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, காவாலாக்டோன் தண்ணில சரியா கரையாது, பிசையும்போது மாவோடயும் பிசினோடயும் சேந்து பால் மாதிரி மிதக்குது, அவ்ளோதான். கொஞ்ச நேரம் விட்டா அடில தங்கிடும். மேல இருந்து ஒரு பிப்பெட் எடுத்தா ஒரு ரிசல்ட், அடில எடுத்தா வேற ரிசல்ட். அதனால வடிச்ச உடனே நல்லா கலக்கி, கலக்கிட்டே சின்ன சின்ன ட்யூப்ல பிரிச்சு -20 டிகிரிலயோ -80 டிகிரிலயோ போடுங்க, ஒரு ட்யூபை ஒரு தடவைதான் உருக்கணும். வேர் எவ்ளோ, தண்ணி எவ்ளோ, எத்தனை நிமிஷம் பிசைஞ்சீங்க, என்ன துணில வடிச்சீங்க, எல்லாம் நோட்ல இருக்கணும். கொதிக்க வைக்காதீங்க, காஞ்ச வேர்ல நாப்பது சதவீதத்துக்கு மேல மாவுச்சத்து, கஞ்சியாயிடும்.

கேள்வி: அசிட்டோன்ல எடுத்தா ஈஸியா வருதே, அப்புறம் ஏன் தண்ணியோட மல்லுக்கட்டணும்?

என்ன கேள்விக்கு பதில் தேடுறீங்கன்றதைப் பொறுத்தது. வேர்ல மொத்தம் எவ்ளோ சரக்கு இருக்குன்னு பாக்க அசிட்டோன் ஓகே. தீவுக்காரங்க குடிக்கிறதைப் பத்தி பேசணும்னா தண்ணிதான். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டதுக்கு ஜெர்மனி கதையே உதாரணம். கல்லீரல் பாதிப்புன்னு 2002ல தடை போட்டாங்க, அங்க வித்தது பெரும்பாலும் ஆல்கஹால்லயும் அசிட்டோன்லயும் எடுத்த மாத்திரை, ஆனா அடி விழுந்தது வனுவாட்டு விவசாயிக்கு. 2014ல கோர்ட் அந்த தடைய தப்புன்னு சொல்லிச்சு.

கேள்வி: மெத்தனால்ல கரைச்சு வச்ச சாம்பிள்ல யாங்கோனின் (ஒரு வகை காவாலாக்டோன்) அளவு நாளுக்கு நாள் மாறுது, மெஷின் கோளாறா?

மெஷினை திட்டாதீங்க, வெளிச்சம்தான். கரைசல்ல யாங்கோனின் மேல வெளிச்சம் பட்டா அந்த மூலக்கூறோட ட்ரான்ஸ் வடிவம் சிஸ்ன்ற வேற வடிவமா மாறிடும். வெளிச்சம் புகாத பழுப்பு கண்ணாடி குப்பியில (ஆம்பர் வயல்) போட்டு அன்னைக்கே மெஷின்ல ஓட்டிடுங்க. சரக்கை பிரிச்சு அளக்க, ஆவியாக்கி பிரிக்கிற ஜிசி-ய விட திரவத்துலயே பிரிக்கிற எச்பிஎல்சி நல்லது, ஜிசி சூட்டுல மெதிஸ்டிசின்ற இன்னொரு காவாலாக்டோன் கொஞ்சம் சிதைஞ்சுடும்.

கேள்வி: நோபிள், டூ டே, இதெல்லாம் என்ன?

நோபிள்னா தினம் குடிக்கிற ரகம். டூ டேன்னா குடிச்சா ரெண்டு நாள் ஆளை விடாது, பேரே அதுலதான் வந்துது, வனுவாட்டுல ஏற்றுமதிக்கும் தடை. பொடிய அசிட்டோன்ல போட்டு ஆட்டினா நோபிள் மஞ்சளா இருக்கும், டூ டே ஆரஞ்சு பக்கம் போகும். இது சும்மா முதல் சல்லடைதான், முடிவு எச்பிஎல்சி சொல்லணும்.

கேள்வி: லேப்ல மிச்சம் இருக்குறதை ஒரு சிரட்டை குடிச்சு பாக்கவா?

லேப் சாம்பிளை வாயில வைக்கிற ஆளை நான் லேப்புக்குள்ள விடமாட்டேன் தம்பி. அதுவும் தூக்க மாத்திரை சாப்பிடுறவங்க, குடிக்கிற பழக்கம் உள்ளவங்க, கல்லீரல் கோளாறு இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க காவா பக்கமே போகக்கூடாது.