மனச்சிதைவுக்கு ஜீன் சிகிச்சை வந்துடுச்சாமே, நிலத்தை வித்துடலாமா டாக்டர்?

கேள்வி: எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். பையனுக்கு 26 வயசு, 4 வருஷமா மனச்சிதைவு. காதுல குரல் கேக்குது, சாப்பாட்டுல மருந்து வச்சிருக்காங்கன்னு சொல்றான். ரிஸ்பெரிடோன் ஒரு வருஷம், ஓலன்சபின் ஒன்றரை வருஷம் ஒழுங்கா குடுத்தும் குரல் நிக்கல. ஜீனை டெஸ்ட் பண்ணி அதுக்கு ஏத்த மருந்து குடுக்குறாங்கன்னு என் தம்பி செல்லுல பாத்திருக்கான். ஒரு தனியார் இடத்துல விசாரிச்சா டெஸ்ட்டும் சிகிச்சையும் சேத்து 4 லட்சம்ங்கிறாங்க. 3 மா நிலம் இருக்கு, குடுத்துடலாமா? பொண்ணுக்கு வேற வரன் பாக்குறோம், இது பரம்பரையா வருமா?

பதில்: அம்மா, நிலத்தை விக்காதீங்க. தரகர்கிட்ட பேச்சு குடுத்திருந்தா இன்னைக்கே வேணாம்னு சொல்லிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். உங்க கடிதத்தை படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது.

உங்க தம்பி பாத்தது பொய்யில்ல. 2019ல அமெரிக்காவுல மெக்லீன் ஆஸ்பத்திரி டாக்டருங்க ஒரு அம்மாவையும் அவங்க மகனையும் பத்தி எழுதினாங்க, ரெண்டு பேருக்குமே மனநோய். ஜிஎல்டிசின்னு ஒரு ஜீன், நமக்கெல்லாம் அது ரெண்டு பிரதி இருக்கும், அவங்களுக்கு நாலு இருந்துச்சு. அந்த ஜீனோட வேலை கிளைசின்ங்கிற பொருளை உடைக்கிறது, நாலு இருந்தா கூடுதலா உடைபடும், மூளையில என்எம்டிஏன்னு ஒரு ஏற்பி, அதாவது சேதியை வாங்கிக்கிற இடம் இருக்கு, அது வேலை செய்ய கிளைசின் வேணும், அது பத்தாம போயிருக்கும்னு கணக்குப் போட்டு கிளைசினையே மருந்தா குடுத்தாங்க. டி-சைக்ளோசெரின்னு டிபிக்கு குடுக்குற பழைய மருந்து ஒண்ணு, அதுவும் அதே ஏற்பியில போய் வேலை செய்யும், அதையும் குடுத்துப் பாத்தாங்க. ரெண்டு பேருக்குமே நோய் குறைஞ்சுது. எந்த ஜீன் கோளாறோ அதுக்கு நேரா மருந்துன்னு சொல்றது இதைத்தான், நிஜமாவே பெரிய விஷயம். ஆனா நடந்தது ரெண்டே பேருக்கு.

இதே கிளைசினையும் டி-சைக்ளோசெரினையும் ஜீன் எதுவும் பாக்காம 157 மனச்சிதைவு நோயாளிங்களை வச்சு 16 வாரம் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி 2007ல வந்துச்சு. வெறும் மாவு மாத்திரையை விட ஒண்ணும் பெருசா கேக்கல.

ஏன் அப்படின்னு கேப்பீங்க. மேட்டூர் திறந்து கல்லணையும் திறந்தும் கடைமடைக்கு தண்ணி வரலன்னு வைங்க. ஒரே ஒரு மதகு உடைஞ்சிருந்தா கண்டுபிடிச்சு சரி பண்ணிடலாம், அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் இருந்தது அந்த மாதிரி. பெரும்பாலான பேருக்கு அப்படியில்ல, வெண்ணாத்துல கொஞ்சம் மணல் மேடு, கிளை வாய்க்கால்ல கொஞ்சம் ஆகாயத்தாமரை, வயக்காட்டு கன்னியில கொஞ்சம் தூர்னு எல்லாம் சேந்துதான் தண்ணியை நிறுத்துது. 2022ல வந்த பெரிய ஆராய்ச்சியில 76,000க்கு மேல நோயாளிங்களோட ஜீனை அலசி, 287 இடத்துல இந்த நோயோட தொடர்பு இருக்குன்னு கண்டாங்க, ஒவ்வொண்ணும் தனியா செய்யிறது ரொம்பக் கொஞ்சம். இதுல எந்த இடத்துக்குன்னு மருந்து குடுப்பீங்க? 4 லட்சம் கேக்குறவங்ககிட்ட இதைக் கேளுங்க. மனச்சிதைவுக்கு ஜீன் சிகிச்சைன்னு அனுமதி வாங்கின வைத்தியம் உலகத்துல எங்கயும் கிடையாதும்மா.

ஆராய்ச்சின்னு சொன்னா இன்னும் உஷாரா இருங்க. முறையான மருந்து ஆராய்ச்சின்னா நெறிமுறைக் குழு அனுமதி இருக்கணும், மருந்து ஆராய்ச்சிகளைப் பதிவு பண்ற அரசுப் பதிவேடான சிடிஆர்ஐல பதிவு எண் இருக்கணும், உங்களுக்குப் புரியிற தமிழ்ல ஒப்புதல் படிவம் குடுக்கணும், ஆராய்ச்சிக்கான செலவை உங்க தலையில கட்டக் கூடாது. காசு வாங்கிட்டு ஆராய்ச்சின்னு சொன்னா நம்பாதீங்க.

அதுக்காக ஜீன் டெஸ்ட்டே வேணாம்னு சொல்லல. உங்க பையனுக்கு பிறவியிலயே இதயக் கோளாறோ அண்ணப் பிளவோ இருந்துச்சா, பேச்சு நடை லேட்டா வந்துச்சா, வலிப்பு வருதா, கால்சியம் குறைவா, இதுல எதாவது இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. 22வது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம பொறக்குறவங்களுக்கு இப்படி இருக்கும், அவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மனச்சிதைவு மாதிரி நோய் வருது. அப்படின்னா டெஸ்ட் பண்றதுல அர்த்தம் இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம். ரெண்டு வேற வேற மருந்து, சரியான அளவுல, ஒவ்வொண்ணும் ஆறு வாரத்துக்குக் குறையாம குடுத்தும் கேக்கலன்னா அடுத்தது க்ளோசபின். உங்க பையனுக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு, அந்தப் பேரையே யாரும் சொல்லலையான்னுதான் எனக்கு ஆதங்கம். 1988ல ஒரு ஆராய்ச்சி, மத்த மருந்து எதுவும் கேக்காத 268 பேரை வச்சு ஆறு வாரம் பண்ணினது, க்ளோசபின் சாப்பிட்டதுல 30 சதவீதம் பேருக்கு நல்லா கேட்டுச்சு, பழைய குளோர்புரோமசின்ல 4 சதவீதம்தான். அத்தனை வருஷமா கையில இருக்குற மருந்தை விட்டுட்டு இல்லாத மருந்துக்கு நிலத்தை விக்கணுமா?

இதுலயும் கஷ்டம் உண்டு. நூத்துல ஒருத்தருக்கு கிட்ட வெள்ளை அணு திடீர்னு இறங்கும், அதனால முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் எடுக்கணும், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. காய்ச்சல், தொண்டை வலி வந்தா மறுநாள் பாத்துக்கலாம்னு விடக் கூடாது, அன்னைக்கே ரத்தம் பாக்கணும். ராத்திரி எச்சில் ஒழுகும், எடை ஏறும், மலச்சிக்கல் வரும். மலச்சிக்கலை சாதாரணமா நினைக்காதீங்க, குடலே நின்னு போற அளவுக்கு போகலாம், ரெண்டு நாள் போகலன்னாலே டாக்டர்கிட்ட சொல்லுங்க. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா அதையும் சொல்லணும், புகை இந்த மருந்தை ரத்தத்துல குறைக்கும், திடீர்னு நிறுத்தினா அளவு ஏறிடும்.

பொண்ணு விஷயம். கூடப் பொறந்தவங்களுக்கு இந்த நோய் இருந்தா வர வாய்ப்பு நூத்துல ஒன்பது பத்து, ஊர்ல பொதுவா நூத்துல ஒண்ணு. அதாவது 90 பேருக்கு வராது. அவளுக்குப் பொறக்கப் போற குழந்தைக்கு இன்னும் குறைவு, மூணு நாலுதான். இதுக்காக கல்யாணத்தை தள்ளிப் போடாதீங்க.

குரல் அவனை சாகச் சொல்லுதான்னு இன்னைக்கே நேரா கேட்டுடுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்பட வேணாம். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, அரசோட மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

அப்படி இல்லன்னா இந்த வாரமே திருவாரூர் இல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மனநல ஓபிக்கு போங்க. பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கங்க, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் எத்தனை மாசம்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, க்ளோசபின் குடுக்கலாமான்னு நீங்களே வாய் விட்டுக் கேளுங்க. அது வரைக்கும் ஓலன்சபினை நிறுத்தாதீங்க.