'இவனுக்குக் கணக்கு வராதுங்க'

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'இவனுக்குக் கணக்கு வராதுங்க' என்று சொல்லிவிட்டார். இப்போது நோட்டை எடுக்கச் சொன்னாலே 'எனக்குத்தான் வராதே' என்கிறான். நாம் எதிர்பார்ப்பது போலத்தான் பிள்ளைகள் ஆவார்கள் என்கிறார்களே, நிஜமா? இல்லை சும்மா மேடைப் பேச்சா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிஜம்தான், ஆனால் மேடையில் சொல்கிற அளவுக்கு இல்லை.

இந்தப் பேச்சுக்கு மூலம், 1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த சோதனை. ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியல் பேராசிரியரும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை லெனோர் ஜேக்கப்சனும் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்துவிட்டு, 'இவர்களெல்லாம் இந்த வருடம் கிடுகிடுவென்று முன்னேறப் போகிறவர்கள்' என்று சுமார் 20 சதவீதம் பேரின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். சுத்தப் பொய். பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தார்கள். வருடக் கடைசியில் பார்த்தால் அந்தப் பட்டியலில் இருந்த 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகவே ஏறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படி ஒன்றும் இல்லை, இதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை. 1968ல் இது புத்தகமாக வந்ததும், அந்தத் தேர்வே சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று பெரிய சண்டையும் நடந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு முன்னால் ரோசென்தால் செய்த எலிச் சோதனை. ஒரே மாதிரி எலிகளைச் சில மாணவர்களிடம் 'கெட்டிக்கார எலி' என்றும், சிலரிடம் 'மந்த எலி' என்றும் சொல்லிக் கொடுத்தார். 'கெட்டிக்கார' எலிகள்தான் புதிர்ப்பாதையில் சரியான வழியைச் சீக்கிரம் கற்றன. நம் நம்பிக்கை எலிக்கு எப்படித் தெரியும்? தெரியாது, ஆனால் தன்னைத் தூக்குகிற கை தெரியும்! கெட்டிக்கார எலி என்று நம்பியவர்கள் அதை அடிக்கடி, மென்மையாக எடுத்துப் பழகியிருக்கிறார்கள்.

வகுப்பிலும் இதே கதைதான். வரும் என்று நினைக்கிற பிள்ளையிடம் கேள்வி கேட்டால் கொஞ்சம் காத்திருப்போம், தப்பாகச் சொன்னால் ஒரு குறிப்பு கொடுப்போம். வராது என்று நினைத்தால் உடனே அடுத்தவனிடம் போய்விடுவோம். அதனால் 'நீ கலெக்டர் ஆவாய்' என்று தினமும் சொல்லிக்கொண்டே விடையையும் நீங்களே சொல்லிவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 17ம் 8ம் எத்தனை என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். '15' என்றால் தப்பு என்று வெட்டாமல், எப்படி வந்தது என்று கேளுங்கள். அநேகமாக 7ஐயும் 8ஐயும் கூட்டியிருப்பான், அதாவது பாதிக் கணக்கு அவனுக்கு வந்திருக்கிறது.

டீச்சரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசாதீர்கள் என்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அவர் நினைப்பை ஒரு பேச்சில் மாற்ற முடியாது. இந்த மாதிரிச் சோதனைகளை 1984ல் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளையோடு இரண்டு வாரத்துக்குமேல் பழகிவிட்ட ஆசிரியரிடம் இந்தப் பட்டியல் வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை என்று தெரிந்தது. ஜூனில் புது டீச்சர் வருவார் இல்லையா, அவரிடம் முதல் நாளே போய் 'இவன் கணக்குல கொஞ்சம் வீக்கு மிஸ்' என்று நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள்.