பழைய போட்டுக்கு இன்ஜின் மாத்தறதுக்கு முன்னாடி: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

வணக்கமுங்க. போன மாசம் சிறுமுகைல ஒரு பழைய போட்டுக்கு இன்ஜின் மாத்திக் குடுத்தனுங்க, அதுல இருந்து ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாருக்கும் ஒரே எடத்துல சொல்லிடறேன். ஊர் பேரோட இருக்கறது உங்க கேள்வி, அதுக்குக் கீழ இருக்கறது என் பதில். நான் பீளமேட்டுப் பக்கம் பம்ப்செட் பட்டறைல ஆரம்பிச்சு, அப்பறம் கொச்சில போட் யார்டுல 12 வருசம் வேலை பாத்துட்டு இப்ப மேட்டுப்பாளையத்துல இருக்கறேன். இன்ஜின் எதனால செத்துச்சுன்னு தெரியாம புதுசு மாட்டாதீங்க, மாட்டுனா அதுவும் அதே மாதிரித்தான் சாகும். மொதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்.

சத்தியமங்கலம்: அண்ணா, கொச்சில இருந்து 16 அடி ஃபைபர் போட்டு, 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் ரெண்டு சிலிண்டர் அவுட்போர்டோட (போட்டுக்குப் பின்னாடி வெளிய தொங்கற இன்ஜின்) செகண்ட் ஹேண்ட்ல எடுத்தோம். ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிசம் நல்லா போகுது, அப்பறம் இழுவையே இல்ல, நின்னுருது, ஆற வெச்சா திரும்ப எடுக்குது. ஒரு மெக்கானிக் பாத்துட்டு இன்ஜின் முடிஞ்சுது வேற வாங்கிக்கங்கன்னுட்டார். மாத்திடலாமுங்களா?

கொஞ்சம் பொறுங்க தம்பி. பத்து நிமிசம் ஓடி நிக்குதுன்னா நான் மொதல்ல பாக்கறது பெட்ரோல் டேங்க் மூடிய. அதுல காத்து போறதுக்கு ஒரு திருகு இருக்கும், அது மூடியிருந்தா டேங்குக்குள்ள காத்து போகாம பெட்ரோல் வர்றது நின்னுரும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா திரும்ப ஓடும், பாக்கறவங்களுக்கு இன்ஜின் போன மாதிரியே இருக்கும். அடுத்தது, நிக்கப் போற நேரத்துல ஒருத்தர பெட்ரோல் ஹோஸ்ல இருக்கற ரப்பர் பல்ப அமுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. அமுக்குனா உசுரு வருதுன்னா ஃபியூல் பம்ப் டயாஃப்ரம்ல கோளாறு, இல்லீன்னா ஹோஸ்ல கோளாறு. அமுக்கியும் மாத்தம் இல்லீன்னா இன்ஜினை ஆத்தற தண்ணி ஒழுங்கா வருதான்னு சந்தேகப்படுங்க.

அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கெடையாதுங்க, தண்ணிக்குள்ள முங்கற கீழ் பாகத்துல (கால்னு சொல்லுவோம்) இருக்கற இம்பெல்லர்ங்கற ரப்பர் இலை வெச்ச சக்கரந்தான் போட்டு நிக்கற தண்ணிய இழுத்து மேல ஏத்தி இன்ஜினை ஆத்துது. அது வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளமா பக்கத்துல ஒரு சின்ன ஓட்டைல தண்ணி பீச்சும். நல்லா அழுத்தமா வரோணும், கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கோணும். சொட்டுச் சொட்டா வந்தா அந்த நிமிசமே ஆஃப் பண்ணுங்க.

இத நான் நஷ்டப்பட்டு கத்துக்கிட்டது. கொச்சில நான் தனியா வேலை எடுத்த மொத வருசம் ஒரு இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது உள்ள பிஸ்டன் இறுகி வந்துச்சு, பவர்ஹெட்டை (மேல இருக்கற இன்ஜின் பாகம்) தூக்கிட்டு வேற பவர்ஹெட் வெச்சேன், புது இம்பெல்லரும் போட்டேன், ஒரே வாரத்துல அதுவும் சீஸ் ஆயிருச்சு. பிரிச்சுப் பாத்தா பழைய இம்பெல்லர்ல உடைஞ்ச ரப்பர் இலை மூணு, தண்ணி மேல போற குழாய்ல சொருகி நின்னுட்டு இருக்கு, அதச் சுத்தி உப்பு வெள்ளையா கல்லு மாதிரி கட்டியிருக்கு. பழைய இம்பெல்லரக் கழட்டும்போதே இலைய எண்ணியிருந்தா அந்த மனுசனோட ரெண்டாவது இன்ஜின் பொழச்சிருக்கும். உங்களதும் கொச்சி உப்புத்தண்ணில ஓடுனது, அதனால தெர்மோஸ்டாட் (சூடானா தொறந்து தண்ணிய விடற வால்வு) மூடியத் தொறந்து பாருங்க, தெர்மோஸ்டாட்ட ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சுப் பாருங்க, கொதிக்கறதுக்கு நொம்ப முன்னாடியே அது தொறக்கோணும். இதெல்லாம் முடிச்சுட்டு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள எவ்ளோ அழுத்தம் ஏறுதுன்னு பாத்துட்டு நம்பரச் சொல்லுங்க.

ஈரோடு: கம்ப்ரஷன் நாமளே பாக்க முடியுமுங்களா? எவ்ளோ வந்தா நல்ல இன்ஜின்?

முடியுமுங்க, பைக் மெக்கானிக் வெச்சிருக்கற கேஜே போதும், த்ரெட் மட்டும் பொருந்துதான்னு பாத்துக்கங்க. இன்ஜினை ஓட்டி சூடாக்கிட்டு பிளக் எல்லாத்தையும் கழட்டிரோணும், கில் ஸ்விட்ச் கிளிப்ப உருவிட்டு பிளக் ஒயர்கள இன்ஜின் பாடில எர்த் பண்ணோணும், இத விட்டுட்டா சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பற பெட்டி) போறதுக்கும் பெட்ரோல் ஆவில தீ புடிக்கறதுக்கும் வாய்ப்பிருக்கு. த்ராட்டில முழுசாத் தொறந்து வெச்சு கேஜ் முள்ளு ஏறறது நிக்கற வரைக்கும் ஸ்டார்டர் கயித்த இழுங்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை.

நம்பர் எவ்ளோங்கறத விட ரெண்டு சிலிண்டருக்கும் எவ்ளோ வித்தியாசங்கறதுதான் முக்கியம். பிஎஸ்ஐ கணக்குல 115, 110 வந்தா சந்தோசமா ஓட்டுங்க. 90, 88 வந்தாக்கூட பழசு ஆனா சமமாத் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், கொஞ்ச காலம் ஓடும். 115, 60 வந்தா ஹெட்டைக் கழட்டியே ஆகோணும். ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தா அந்தப் பக்க கார்புரேட்டர் ஜெட் அடைச்சு பெட்ரோலும் அதோட வர்ற ஆயிலும் பத்தாம காஞ்சிருக்கும், இல்லீன்னா க்ராங்க் சீல்ல காத்து இழுத்திருக்கும். ரெண்டுலயும் கீறல் இருந்தா கூலிங்ல கோளாறு, இல்லீன்னா ஆயில்ல. பிளக்க வெயில்ல காட்டி உத்துப் பாருங்க, வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் மாதிரி சாம்பல் நெறத்துல சின்னச் சின்ன உருண்டை ஒட்டியிருந்தா அது கரியில்லீங்க, பிஸ்டன் அலுமினியம் உருகித் தெறிச்சது. அதுக்கு மேல ஒரு தடவ கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கோவை, கணபதி: நம்மூர்ல லேத்துக்கா பஞ்சம், தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு ரீபோர் பண்ணிக்கலாமே, எதுக்கு முழு இன்ஜின் வாங்கோணும்?

பண்ணலாமுங்க, நானும் பண்ணியிருக்கேன், சிலிண்டருக்குள்ள காஸ்ட் அயர்ன் ஸ்லீவ் (இரும்புக் குழாய்) இருந்து கொஞ்சம் பெரிய, ஓவர்சைஸ் பிஸ்டன் கெடைச்சா ரீபோர் மாதிரி நல்ல வழி வேற இல்ல. ஆனா பிஸ்டன் கைக்கு வந்த பொறவு அத அளந்து போர் பண்ணச் சொல்லுங்க, போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடாதீங்க. இன்னொண்ணு, நம்ம பட்டறைல பெரும்பாலும் டிராக்டர் பிளாக், கார் பிளாக்குதான் பண்ணிப் பழக்கம், அதுல சிலிண்டர் சுவத்துல ஓட்டை இருக்காது. டூ ஸ்ட்ரோக்ல போர்ட் ஓட்டை சுவத்துலயே இருக்கு, போர் பண்ணுனதும் அந்த ஓரம் பிளேடு மாதிரி கூராயிரும், அத மழுக்கி சரிவு எடுக்காம பிஸ்டன போட்டா ரிங்கு அங்க மாட்டி உடையும். வேலை குடுக்கறப்பவே இத வாய் விட்டு சொல்லிருங்க, பிளாக்க லேத்துல இருந்து திருப்பி வாங்கறப்ப விரல் நகத்தால தடவிப் பாத்து வாங்குங்க. க்ராங்க் பேரிங் போயி, கால் கியரும் தேஞ்சிருந்தா அப்ப ரீபோருக்கு செலவு பண்றது வீண், முழு இன்ஜினே வாங்கிருங்க.

திருப்பூர்: பிரதர், ஆம்னி இன்ஜின் சும்மா கெடக்கு, 796 சிசி, அத போட்டுக்குள்ள வெச்சு ஷாஃப்ட் போட்டு ஓட்டலாம்னு இருக்கேன்.

வேண்டாமுங்க. கார் சமதரைல போறப்ப இன்ஜின் தன் பலத்துல கொஞ்சந்தான் செலவு பண்ணுது, போட்டுக்கு அப்படி இல்ல, திம்பம் மலைல லோடு ஏத்துன லாரி 27 கொண்டை ஊசியும் ஏறறாப்ல எந்நேரமும் ஏறிட்டே இருக்கோணும். அதக் கூட பெரிய கூலர் வெச்சு சமாளிக்கலாம்னு வைங்க, நான் பயப்படறது தீக்கு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், ரோட்ல கசிஞ்சா காத்தோட போயிரும், போட்டுல அடில எறங்கி தேங்கி நிக்கும். கார் ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர்ல வர்ற சின்னப் பொறி போதும். மரைன் இன்ஜின்ல அதையெல்லாம் பொறி வெளிய வராத மாதிரி மூடி செஞ்சிருப்பாங்க, அப்படியும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலஞ்சு நிமிசம் ஆவிய வெளிய தள்ளற ப்ளோவர் ஓட்டித்தான் சாவி திருப்போணும். போட்டுல குழந்தைகளும் ஏறுவாங்க. அந்த இன்ஜின வேற எதுக்காச்சும் வெச்சுக்கங்க.

பொள்ளாச்சி: கேரளாவுல இருந்து மண்ணெண்ணெய்ல ஓடுற அவுட்போர்டு சல்லிசா வருது, வாங்கலாமா?

கேரளாவுல மீன் புடிக்கறவங்க அத பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டுவாங்க, கடலுக்கு நல்லா உழைக்கற இன்ஜினுங்க அது. ஆனா கம்ப்ரஷன் கம்மியாவே வெச்சு செஞ்சது, அதனால பெட்ரோல் இன்ஜின் நம்பரோட ஒப்பிட்டு பாக்காதீங்க, பெட்ரோல்ல ஓட்டுனாலும் அதே ஹெச்பி இழுவை எதிர்பாக்காதீங்க. கரி நொம்ப ஏறியிருக்கும். நமக்கு மண்ணெண்ணெய் கெடைக்கறதும் கஷ்டம், நான் வாங்க மாட்டேன்.

கொடுமுடி: ஐயா, காவேரில வெள்ளம் வந்தப்ப எங்க போட்டு கவுந்து இன்ஜின் ஒரு நாள் முழுக்க தண்ணிக்குள்ள கெடந்துச்சு. வெயில்ல காய வெச்சுருக்கோம்.

காய வெச்சதுதானுங்க தப்பாப் போச்சு. 2018 ஆகஸ்ட்ல மேட்டூர்ல இருந்து 2 லட்சம் கன அடி வந்தப்பவும் இதேதான், பவானில ஒருத்தர் இன்ஜின மேல எடுத்து ரெண்டு நாள் வெயில்ல வெச்சுட்டு என்கிட்ட கொண்டு வந்தார், பேரிங் பூரா செந்துருவு. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் இரும்பு அவ்ளோ சீக்கிரம் கெடாது, வெளிய எடுத்து காத்து பட்டதுந்தான் துரு வேகமா ஓடும். வேலை பாக்க ஆள் ரெடியாகற வரைக்கும் நல்ல தண்ணி ட்ரம்லயே முக்கி வெக்கலாம். எடுத்ததும் சேத்தைக் கழுவி, பிளக்கைக் கழட்டி, பிளக் ஓட்டை கீழ பாக்கறாப்ல படுக்க வெச்சு கையால மெதுவா சுத்தி தண்ணிய வடிச்சு, கார்புரேட்டர் கழுவி, சிலிண்டர்ல ஆயில் விட்டு, அன்னைக்கே ஸ்டார்ட் பண்ணி நல்லா ஓட்டிரோணும். சுத்தறப்ப எங்கியாச்சும் இடிச்சா பலவந்தம் பண்ணாதீங்க, ஓடிட்டு இருக்கும்போது முங்குனதா இருந்தா உள்ள தண்ணி போயி கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். உங்களத இப்பவே ஆயில் விட்டு மூடி வெச்சு எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்.

மேட்டூர்: டூ ஸ்ட்ரோக் 40 போயிருச்சு, ஃபோர் ஸ்ட்ரோக் 40 மாட்டப் போறோம், அதே ஓட்டைல மாட்டிக்கலாமுங்களா?

ஹெச்பி ஒண்ணுதான், கனம் ஒண்ணில்லீங்க. டூ ஸ்ட்ரோக் 70 கிலோவ ஒட்டி இருக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவுக்கு கிட்ட வந்துரும். அதனால மொதல்ல பாக்க வேண்டியது ட்ரான்சம், அதாவது இன்ஜின் தொங்கற பின் பலகை. மேல ஃபைபர் பளபளன்னு இருக்கும், உள்ள பிளைவுட் ஊறிக் கெடக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால எல்லா எடத்துலயும் தட்டிட்டே வாங்க, நல்லா இருக்கற எடம் டொக்கு டொக்குங்கும், ஊறுன எடம் தொப்புங்கும். பழைய போல்ட் ஒண்ண கழட்டுங்க, ஓட்டைல இருந்து காப்பி டிகாஷன் மாதிரி கருப்பா தண்ணி வடிஞ்சா பலகை மாத்தாம எந்த இன்ஜினும் மாட்டாதீங்க, டேம் நடுவுல பலகையோட பிச்சுக்கிட்டு போகும்.

ஷாஃப்ட் அளவு, அதாவது இன்ஜின் கால் நீளம், 15 இஞ்ச், 20 இஞ்ச் ரெண்டுந்தான் இந்த சைஸ்ல அதிகம், ட்ரான்சம் உயரத்த அளந்துட்டு வாங்குங்க. மாட்டுனதும் ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கற தட்டு போட்டு அடிமட்டத்துக்கு சமமா, இல்ல ஒரு இஞ்ச் மேல நிக்கோணும். போல்ட் ஸ்டெயின்லெஸ், ஓட்டைக்குள்ள மரைன் சீலன்ட் நெறைய. செயின் பிளாக் இல்லாட்டி வேப்பமரக் கிளைல கட்டி எறக்கலாம், ஆனா கீழ படுக்க வெக்கறப்ப தலை எப்பவும் கால விட மேல இருக்கோணும், இல்லீன்னா கால்ல நிக்கற தண்ணி சிலிண்டருக்குள்ள வந்துரும். ஓட்டிப் பாக்கறப்ப முழு த்ராட்டில்ல கம்பெனி சொன்ன ஆர்பிஎம் வருதான்னு பாருங்க, இந்த சைஸ் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு பெரும்பாலும் 5000ல இருந்து 6000 வரைக்கும். வரலீன்னா பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னாடி தள்ளற தூரம்) ஒரு இஞ்ச் கம்மியான ப்ரொப்பெல்லர் போட்டா சுமார் 150ல இருந்து 200 ஏறும்.

ஊட்டி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்துல ஓட்டிப் பாத்து வாங்குன இன்ஜின் இங்க வந்ததும் சோம்பேறியாயிருச்சுன்னு சண்டை போடறார். ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலீங்க அம்மிணி. ஊட்டி 2200 மீட்டர் உயரம், காத்து லேசு, எந்த பெட்ரோல் இன்ஜினும் அஞ்சுல ஒரு பங்கு பலத்த அங்க விட்டுரும். கார்புரேட்டருக்கு சின்ன ஜெட், ப்ரொப்பெல்லருக்கு கம்மி பிட்ச், இது ரெண்டும் போட்டா ஓட்டம் கொஞ்சம் சரியாகும், போன பலம் முழுசா திரும்பாது. வித்தவர திட்ட வேண்டாம்னு சொல்லுங்க.

மிச்சக் கேள்விகளுக்கு சுருக்கமா. கியர் ஆயில் டீ மாதிரி வெளுத்து வந்தா சீல் வழியா தண்ணி போகுது, ப்ரொப்பெல்லருக்கு பின்னாடி தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க, அதுதான் பாதி சீல அறுக்குது. டூ ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊத்தற டூ டி ஆயில் ஊத்தாதீங்க, டிசிடபிள்யூ3ன்னு போட்ட அவுட்போர்டு ஆயில், மேனுவல்ல 50க்கு 1ன்னு இருந்தா 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஆயில். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், அதனால மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா கார்புரேட்டர காலி பண்ணிட்டு நிறுத்துங்க. 2021ல வந்த இன்லேண்ட் வெசல்ஸ் சட்டப்படி இன்ஜின் வெச்ச படகுக்கு பதிவும் இன்சூரன்சும் வேணும், டேம்ல எறக்க அனுமதி தனி, விக்கறவர்கிட்ட இன்ஜின் நம்பரோட பேப்பர் இல்லாம காசு குடுக்காதீங்க.

சத்தியமங்கலம் (திரும்ப): அண்ணா, டேங்க் மூடி சரியாத்தான் இருக்கு. கம்ப்ரஷன் 112, 108. இம்பெல்லரக் கழட்டிட்டோம், ஆறு இலைல ரெண்டு இல்ல.

அப்ப உங்க இன்ஜின் நல்லாத்தானுங்க இருக்கு தம்பி, வேற வாங்காதீங்க. புது இம்பெல்லர் வாங்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு இலையத் தேடுங்க. தெர்மோஸ்டாட் மூடியக் கழட்டிட்டு மேல இருந்து கீழ, வந்த வழிக்கு எதிரா கம்ப்ரஸர் காத்து விடுங்க, உப்பு எறுகியிருந்தா வினிகர் கலந்த தண்ணிய ஊற வெச்சுட்டு திரும்ப அடிங்க. வர்ற துண்டு எல்லாத்தையும் பழைய பேப்பர்ல வெச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாருங்க, ரெண்டு முழு இலை சேரோணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் ஸ்டார்ட் பண்ணாம ஹெட் கவரையும் கழட்டிப் பாருங்க.